மலிவுத் துணியும் தறிக்கூலியும்

 

சென்ற ரமளானுக்கு முன்பு நமது நிர்வாகக் குழுவில் எழுந்த ஒரு விவாதத்தை உங்களில் பலர் அறிவீர்கள். ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் நாம் வழங்கிவரும் பெருநாள் கைலிகளை எங்கே வாங்குவது என்பதே அந்த விவாதம். நம் மஹல்லாவில் இன்றும் தறிச்சத்தம் கேட்கும் வீடுகள் சில உள்ளன. அந்த வீடுகளில் வாங்குவதா? அல்லது சென்னை மொத்த வியாபாரி அனுப்பிய மாதிரியில் இருந்த, டாக்காவிலிருந்து கப்பலில் வந்த கைலிகளை வாங்குவதா? ஒரு கைத்தறிக் கைலியின் விலைக்கு டாக்கா கைலி இரண்டு கிடைக்கும்.

குழித்தறியில் ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவர் எழுந்து, "நம்ம பள்ளிவாசல் காசு நம்ம ஊர்த் தறிக்கு வராம கடல் தாண்டிப் போகணுமா ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்டார். ஜவுளிக்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், "ஒருத்தருக்குக் குடுக்கிற காசுல ரெண்டு பேருக்குக் குடுக்கலாம்னா அது தப்பா ஹஜ்ரத்?" என்று கேட்டார். இருவரும் ஒரே ஸஃப்பில் தொழுபவர்கள். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. உடனே பதில் கூற நமக்குத் துணிவு வரவில்லை. அவகாசம் கேட்டுக்கொண்டு கிதாபுகளையும் வரலாற்று நூல்களையும் புரட்டினோம். அப்போது கண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் மதீனத்துச் சந்தைக்குச் செல்வோம். விலைவாசி ஏறிய ஒரு காலத்தில், விலையை நிர்ணயித்துத் தருமாறு தோழர்கள் வேண்டியபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை என்பதை அபூதாவூத், திர்மிதீ போன்ற ஹதீஸ் தொகுப்புகளில் காண்கிறோம். வெளியூரிலிருந்து சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்து வாங்குவதையும் அன்னார் தடுத்தார்கள். சந்தையின் கதவு திறந்தே இருக்க வேண்டும், வருகிறவன் தன் சரக்கின் உண்மையான விலையை அறிந்து விற்க வேண்டும் என்பதே இவற்றின் கருத்தாகும்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி இடம்பெற்றுள்ளது. மதரஸாவில் ஓதியபோது அதை ஸகாத்துப் பாடத்தின் ஒரு கிளைச் சட்டமாகக் கருதிக் கடந்து சென்றோம். அதன் அருமை இப்போதுதான் புரிந்தது. ஷாம் தேசத்து நபத்தியர்கள் மதீனாவுக்குச் சரக்கு கொண்டுவருவார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அவர்களுடைய பருப்பு வகைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு வரி வாங்கினார்கள். கோதுமைக்கும் எண்ணெய்க்கும் அதில் பாதியே வாங்கினார்கள். அவ்விரண்டும் மதீனாவுக்கு மிகுதியாக வந்து சேர வேண்டும் என்பதே அதற்கான காரணம் என்றும் அந்த அறிவிப்பே கூறுகிறது. இறக்குமதி வரியைக் குறைத்து அத்தியாவசியப் பொருளை மலிவாக்குவது இக்காலப் பொருளாதார நிபுணர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததன்று.

இதே உமர் (ரலி) அவர்களுக்கு, பிற நாட்டார் நம் வணிகரிடம் பத்தில் ஒரு பங்கு வசூலிக்கிறார்கள் என்று அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் எழுதினார்கள். அவர்கள் வாங்குவதைப் போலவே நீங்களும் அவர்களிடம் வாங்குங்கள் என்று பதில் சென்றது. இதை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் கிதாபுல் கராஜில் பதிவு செய்துள்ளார்கள். ஆகவே, திறந்த சந்தை என்பது அந்நியர் எதைச் செய்தாலும் கைகட்டி நிற்பதும் அன்று.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் கல்வி பற்றிய பாகத்தில் பர்ளு கிஃபாயாவை விளக்கும்போது விவசாயத்தையும் நெசவையும் தையலையும் அதில் சேர்த்துள்ளார்கள். ஓர் ஊரில் அத்தொழில்களைச் செய்வோர் எவருமே இல்லாது போனால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் ஆவர். ஜனாஸாத் தொழுகையைப் போலத் தறியும் ஊரின் பொறுப்பு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மலிவான சரக்கு வர வேண்டும், தொழிலும் அழியக் கூடாது. கிதாபுகளில் இரண்டும் இருக்கின்றன. இரண்டும் மோதும்போது நடந்தது என்ன என்பதற்குத் துணியின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சாட்சி நமக்குக் கிடைக்கவில்லை. அந்த வரலாற்றில் முதலில் அழுதவர்கள் இந்திய நெசவாளர்கள் அல்லர், இங்கிலாந்து நெசவாளர்கள் என்பதே வியப்பு.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பருத்தித் துணிகளை மூட்டை மூட்டையாக இலண்டனில் இறக்கின. கோழிக்கோட்டின் பெயரால் 'கலிக்கோ' என்று அழைக்கப்பட்ட துணியும், பூவேலை தீட்டிய 'சிண்ட்ஸ்' துணியும் அங்கே சீமாட்டி முதல் வேலைக்காரி வரை எல்லோரையும் கவர்ந்தன. துவைத்தாலும் சாயம் போகவில்லை. கம்பளியைவிட இலேசு, பட்டைவிட மலிவு. இதனால் இலண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பட்டு நெய்தவர்களின் தறிகள் ஓய்ந்தன. அவர்களில் பலர் 1685-க்குப் பின் பிரான்சு நாட்டில் மதக் கொடுமைக்குத் தப்பி வந்த அகதிகள். 1697-ல் அந்த நெசவாளர்கள் மனைவி மக்களுடன் திரண்டு பாராளுமன்றத்தை முற்றுகையிட்டார்கள், கம்பெனியின் தலைமையகத்தையும் தாக்கினார்கள்.

1700-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. சாயமிட்ட, பூவேலை செய்த கீழைநாட்டுத் துணிகளை 1701 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் எவரும் உடுத்தக் கூடாது என்றது. வெள்ளைத் துணி மட்டும் வரலாம் என்றது. வியாபாரிகள் வெள்ளைத் துணியை வரவழைத்து இலண்டனிலேயே அச்சிட்டு விற்றார்கள். நெசவாளர்களின் வயிறு நிறையவில்லை. 1719-ல் மீண்டும் கலகம் மூண்டது. தெருவில் கலிக்கோ உடுத்திச் சென்ற பெண்களை வழிமறித்து உடையைக் கிழித்தார்கள். மையையும் திராவகத்தையும் ஊற்றினார்கள். வயிற்றுப்பசி என்பது உண்மை. ஆயினும் அது பாய்ந்தது கப்பல் முதலாளி மீதன்று, மலிவாகக் கிடைத்த ஆடையை வாங்கி உடுத்திய பெண்ணின் மீது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1721-ல் இரண்டாவது சட்டம் வந்தது. அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தினாலே 5 பவுன் அபராதம், விற்றால் 20 பவுன். மஸ்லினுக்கும் முழு நீலச் சாயத் துணிக்கும் மட்டும் விலக்கு அளித்தார்கள். இவ்வளவு உயர்ந்த மதிலை எழுப்பிய அந்நாட்டார்தாம் நூறாண்டுக்குப் பின் நமக்குத் தடையற்ற வாணிபத்தின் பெருமையைப் போதித்தார்கள்!

அக்காலத்தில் நம் கரையின் நிலை என்ன? இலண்டனில் பூத்துணி குற்றமாக இருந்த அதே காலத்தில், 1734-ல், சென்னையில் கம்பெனியின் ஆளுநர் மார்ட்டன் பிட் நெசவாளர்களையும் நூல் நூற்போரையும் குடியமர்த்த ஒரு புதிய குடியிருப்பை ஏற்படுத்தினார். சின்னத் தறிப் பேட்டை என்ற அதன் பெயரே இன்று சிந்தாதிரிப்பேட்டை என வழங்குகிறது. வெளிநாட்டுச் சந்தை ஒன்று மூடினாலும் மற்றவை திறந்திருந்தன. பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகூர், கீழக்கரை, காயல்பட்டினத்து மரக்காயர்களின் கப்பல்கள் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் ஆச்சேவுக்கும் நம் துணிகளைச் சுமந்து சென்று பாக்கும் மிளகும் தகரமும் ஏற்றித் திரும்பின. நம் முன்னோர் பலருக்கு இறைவன் ரிஸ்க்கைத் தறியின் வழியாகவும் பாய்மரத்தின் வழியாகவும் அளித்தான். ஏற்றுமதி செய்தவர்களும் நாமே, இறக்குமதி செய்தவர்களும் நாமே. அயல்நாட்டுச் சரக்கு என்றாலே முகம் சுளிக்கும் உரிமை கடலோர முஸ்லிம்களுக்கு அதிகம் இல்லை.

இனி, அந்த மதிலால் பயன் பெற்றவர் யார் என்று பார்ப்போம். சட்டம் கேட்டுப் போராடியவர்கள் பட்டு, கம்பளி நெசவாளர்கள். பலன் சென்று சேர்ந்ததோ மான்செஸ்டரைச் சுற்றி வளர்ந்த பருத்தித் தொழிலுக்கு. இந்தியத் துணி வராத சந்தையில் அதைப் போலவே செய்ய முயன்றவர்கள் இயந்திரங்களைக் கண்டார்கள். ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரத்திற்கு 1769-ல் காப்புரிமை கிடைத்தது. கிராம்ப்டனின் 'மியூல்' 1779-ல் வந்தது. நம் நாட்டில் இராட்டையால் 100 இராத்தல் பஞ்சை நூற்க 50,000 மணிநேரத்திற்கு மேல் பிடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1825-ல் வந்த தானியங்கி மியூலில் அதே வேலை 135 மணிநேரத்தில் முடிந்தது. இந்தக் கணக்கைப் படித்த பின், நம் நூற்புத் தொழிலை வெள்ளையன் வரியால் மட்டுமே கொன்றான் என்று மேடையில் முழங்க நமக்கு மனம் வரவில்லை. அந்தப் பேச்சு பாதி உண்மையே.

மற்றப் பாதியும் உண்மை என்பதை மறைக்கலாகாது. 1813 வரையிலும் இந்தியத் துணியை இங்கிலாந்தில் அந்நாட்டுத் துணியைவிட 50 முதல் 60 சதவீதம் குறைந்த விலைக்கு இலாபத்துடன் விற்க முடிந்தது என்றும், அதைத் தடுக்கவே 70, 80 சதவீத வரி போடப்பட்டது என்றும் எச்.எச். வில்சன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியரே எழுதியுள்ளார். மான்செஸ்டர் துணி இந்தியாவுக்குள் வர அப்போது பெயரளவுக்கே வரி. 1814-ல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்தியத் துணி 12 இலட்சத்து 66 ஆயிரம் உருப்படிகள். 1835-ல் அது 3 இலட்சத்து 6 ஆயிரமாகச் சுருங்கியது. அதே காலத்தில் அங்கிருந்து இங்கு வந்த பருத்தித் துணி 8 இலட்சம் கஜத்திலிருந்து 5 கோடியே 17 இலட்சம் கஜமாகப் பெருகியது. உமர் (ரலி) அவர்களின் 'அவர்கள் வாங்குவதைப் போல' என்ற அளவுகோலைக் கையிலெடுக்க நம்மவரிடம் அப்போது அரசு இல்லை.

மஸ்லினுக்குப் புகழ்பெற்ற டாக்கா நகரில் 1,50,000 ஆக இருந்த மக்கள்தொகை 30,000 அல்லது 40,000 ஆகக் குறைந்துவிட்டது என்று 1840-ல் பாராளுமன்றக் குழுவின் முன் சர் சார்லஸ் டிரெவெலியன் சாட்சியம் கூறினார். அந்நகரின் நெசவாளர்களில் முஸ்லிம்கள் மிகப் பலர்.

எண்களைவிட நம் நெஞ்சைத் தொட்டது ஒரு கடிதம். 1828-ல் 'சமாச்சார் தர்ப்பண்' என்ற வங்காளி இதழில் அது வெளிவந்தது. எழுதியவர் சாந்திபூர் என்ற ஊரைச் சேர்ந்த இந்து விதவை. இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்து, வயது முதிர்ந்த மாமனார் மாமியாரையும் மூன்று பெண் குழந்தைகளையும் இராட்டை சுற்றியே அவர் காப்பாற்றினார். நெசவாளர்கள் வீடு தேடி வந்து நூலை வாங்கிச் சென்றார்கள். அந்த வருமானத்தில் மூன்று பெண்களுக்கும் மணம் முடித்தார். பின்னர் திடீரென எவரும் வரவில்லை. சந்தைக்கு அனுப்பினால் பழைய விலையில் கால்பங்குகூடத் தேறவில்லை. விசாரித்தபோதுதான் சீமையிலிருந்து நூல் வந்து குவிகிறது என்று தெரிந்தது. அதன்பின் அவர் எழுதியிருப்பதுதான் முக்கியம். சீமையில் இருப்பவர்கள் எல்லோரும் செல்வர்கள் என்று தாம் எண்ணியிருந்ததாகவும், இவ்வளவு பாடுபட்டு நூற்றதை இவ்வளவு குறைந்த விலைக்குக் கடல் கடந்து அனுப்புகிறார்கள் என்றால் தம்மைவிட ஏழைப் பெண்கள் அங்கே இருப்பதாகப் புரிந்துகொண்டதாகவும் எழுதினார்.

அந்த அம்மையார் இயந்திரத்தைப் பற்றி அறிந்திருக்கவில்லை. ஆனாலும் அவருடைய எண்ணம் முற்றிலும் தவறன்று. மான்செஸ்டர் ஆலைகளில் சிறுவர் சிறுமியர் இரவு பகலாக உழைத்த காலம் அது. 1820-ஐ ஒட்டி இங்கிலாந்தில் சுமார் 2,40,000 பேர் கைத்தறியில் பருத்தி நெய்து பிழைத்தார்கள். விசைத்தறி வந்தபின் நாற்பது ஆண்டுகளில் அவர்களும் சில ஆயிரம் பேராகத் தேய்ந்து போனார்கள். சாந்திபூர் விதவையின் வீட்டிலும் மான்செஸ்டர்க் கைநெசவாளனின் வீட்டிலும் ஒரே காலத்தில் அடுப்பு அணைந்தது.

இத்தகைய வரலாற்றைப் படிக்கும்போது நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. இராட்டை நின்றதே தவிர, தறி அடியோடு நின்றுவிடவில்லை. சீமை நூலும், பிறகு பம்பாய், மதுரை ஆலைகளின் நூலும் மலிவாகக் கிடைத்ததால் கைத்தறி நெசவாளர்களில் ஒரு பகுதியினர் தப்பிப் பிழைத்தார்கள். பெண்ணின் கையிலிருந்து வேலையைப் பறித்த அதே மலிவு நூல், ஆணின் தறிக்கு உயிர் கொடுத்தது. ஒரே வீட்டுக்குள்ளேயே இலாபமும் நட்டமும்! ஏழை எளியோருக்கு மாற்று உடை வாங்கும் வசதியும் அதனால்தான் உண்டாயிற்று. இதை நன்மை அன்று எனக் கூற இயலுமா?

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களையும் இங்கே முடித்துவிடுவோம். பிரெஞ்சுப் பட்டுக்கு இருந்த தடை 1826-ல் நீங்கி வரியாக மாறியது. 1860-ல் பிரான்சுடன் செய்த ஒப்பந்தத்தால் வரியும் நீங்கியது. அத்துடன் அங்கே தறிகள் ஓய்ந்தன. அவர்கள் 1743-ல் பிரிக் லேன் தெருவில் கட்டிய தேவாலயம் பிற்பாடு மெதடிஸ்ட் சபையாகி, 1898-ல் யூதர்களின் ஆலயமாகி, 1976-ல் பள்ளிவாசலாயிற்று. வங்காளத் துணி வரக் கூடாதெனக் கொதித்தெழுந்த நெசவாளர்களின் சந்ததியார் தொழுத அதே கட்டடத்தில் இன்று வங்காள முஸ்லிம்கள் ஐவேளை ஸஜ்தா செய்கிறார்கள். அவர்களின் முதல் தலைமுறையினரில் பலர் அப்பகுதித் தையற்கூடங்களில் கூலிவேலை பார்த்தவர்கள். படைத்தவனின் ஏற்பாடுகளை நாம் எங்கே அளப்பது!

இந்தியாவில் 1882-ல் இறக்குமதி வரிகள் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்டன. 1894-ல் அரசுக்குப் பணம் தேவைப்பட்டு மீண்டும் வரி போட்டபோது, மான்செஸ்டர் முதலாளிகள் நட்டப்படக் கூடாதென்று இந்திய ஆலைச் சரக்கின் மீதும் ஈடாக வரி போட்டார்கள். 1896 முதல் இரண்டுக்கும் 3.5 சதவீதம். இந்த அநியாய வரி ஒழிய 1926 ஆயிற்று.

இந்த அநீதிக்கு எதிராக எழுந்ததுதான் சுதேசி இயக்கம். அதைப் போற்றுகிறோம். ஆயினும் அதன் ஒரு பக்கத்தை நம் பாடநூல்கள் விரைவாகப் புரட்டிவிடுகின்றன. வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905 ஆகஸ்டு 7-ல் கல்கத்தாவில் அந்நியப் பொருள் மறுப்புத் தீர்மானம் நிறைவேறியது. மான்செஸ்டர் துணியும் லிவர்பூல் உப்பும் வேண்டாம் என்றார்கள். சுதேசித் துணி விலை கூடுதல். படித்தவருக்கும் ஜமீன்தாருக்கும் அது பொருட்டன்று. கிழக்கு வங்காளத்து ஏழைக் குடியானவருக்கோ, அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், இடுப்புத் துணியின் விலையே ஒரு பெரும் சுமை. பல இடங்களில் ஜமீன்தாரின் ஆட்கள் சந்தைக்குள் புகுந்து, மலிவுத் துணி விற்ற சிறு வியாபாரியை மிரட்டினார்கள், சரக்கைக் கொளுத்தினார்கள். அதில் எழுந்த கசப்பும் சேர்ந்து 1907-ல் குமில்லாவிலும் ஜமால்பூரிலும் இந்து முஸ்லிம் கலவரமாக வெடித்தது. முதலில் சுதேசியை ஆதரித்த இரவீந்திரநாத் தாகூர் மனம் வெதும்பி விலகினார். 1916-ல் நூலாக வந்த அவருடைய 'கரே பாய்ரே' நாவல் இந்த வேதனையைப் பேசுவதே. அதே வேளையில், அந்த மறுப்பியக்கத்தால் வங்க நெசவாளர்களின் தறிகளுக்கு வேலை கிடைத்ததும் உண்மை. அவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். மதீனத்து அன்ஸாரிகளின் பெயரால் தம்மை அழைத்துக்கொண்ட வடநாட்டு நெசவாளர் சமூகம் ஒரு பக்கம், அரைவேட்டிக்கு வழியற்ற குடியானவர் மறுபக்கம்.

இங்கே வந்தபின் நமக்கு ஒன்று தெளிவாயிற்று. உள்நாட்டுத் தொழிலைக் காப்பது தவறா என்பதன்று கேள்வி. கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அதற்கு விடை கூறிவிட்டார்கள். காப்பதற்கான செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்பதே கேள்வி. 1721-ல் இலண்டன் அதைச் சோழமண்டலத்து நெசவாளன் தலையிலும் தன் நாட்டு ஏழைப் பெண்ணின் தலையிலும் கட்டியது. 1905-ல் ஜமீன்தார் அதைக் குடியானவன் தலையில் கட்டினார். தறியைக் காப்பது ஊர் முழுவதன் கடமை என்றால், வசதி படைத்தவர்தாம் தம் பையிலிருந்து அதைக் கொடுக்க வேண்டும். ஏழையின் உடையில் பாதியை வெட்டிக் கொடுத்துவிட்டு, கடமையை நிறைவேற்றிவிட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

மலிவுக்குப் பின்னால் இருக்கும் கையையும் மறக்கலாகாது. ஒருகாலத்தில் பாழ்பட்ட அதே டாக்கா இன்று உலகிற்கே ஆடை தைக்கிறது. வங்கதேசத்து ஆடைகளுக்கு 2011-ல் இந்தியா வரியை நீக்கியது. 2013 ஏப்ரல் 24-ல் டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டும் மறுநாள் வேலைக்கு வரச் செய்திருந்தார்கள். சாந்திபூர் விதவையின் கடிதம் அப்போது நம் நினைவுக்கு வந்தது. நம்மைவிட ஏழையான ஒரு பெண் கடலுக்கு அப்பால் இருக்கிறாள். அவள் சரக்கை மறுத்தால் அவள் கூலியும் போகும். வாங்கினால் நம் ஊர்த் தறி நிற்கும். இதில் எளிதான பத்வா எதுவும் இல்லை.

நம் நாட்டிலும் தறியைக் காக்கச் சட்டம் உண்டு. 1985-ல் இயற்றிய கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி 22 இனங்கள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. பிறகு அவை 11 ஆகக் குறைந்தன. கைலி அதில் ஒன்று. சட்டம் ஏட்டில் இருக்க, விசைத்தறிக் கைலி கடைத்தெருவில் தொங்குவதை நாம் அனைவரும் பார்க்கிறோம். 2009-10 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 43.31 இலட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2019-20-ல் 35.22 இலட்சமாகக் குறைந்துள்ளனர். ஆக, தறியைத் தேய்ப்பது கப்பலில் வரும் துணி மட்டுமன்று. பக்கத்து மாவட்டத்து விசைத்தறியும் நம் இளைஞர்கள் விரும்பும் வளைகுடா வேலையும் அதில் சேர்ந்தவை. தம் மகன் தறியில் உட்கார வேண்டாம் என்று துஆ கேட்கச் சொல்லும் நெசவாளப் பெற்றோரையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை.

இவ்வளவையும் குழுவின் முன் வைத்த பிறகு நாம் கூறிய மார்க்கத் தீர்ப்பு இதுதான். பெருநாள் கைலிகளில் ஒரு பகுதி ஸகாத் பணத்தில் வாங்கப்படுகிறது. ஸகாத்தை அதன் பெறுமானத்திற்குப் பொருளாகக் கொடுப்பது நமது ஹனஃபி மத்ஹபில் கூடும். ஆனால் அப்பணம் பள்ளிவாசலுடையதன்று, ஏழையின் உரிமை. அவருக்கு இரண்டு கைலி கிடைக்கக்கூடிய பணத்தில் ஒன்றைக் கொடுத்து, மிச்சத்தைத் தொழிலைக் காக்கும் செலவில் எழுத நமக்கு அதிகாரம் இல்லை. தறி நெய்பவர் ஸகாத் பெறத் தகுதியுள்ளவராயின் அவருக்கே நேராகக் கொடுக்கலாம், அதுவே அவருக்குக் கண்ணியம். தறியைத் தாங்குவதற்கோ நம்மிடம் வேறு பணம் உண்டு. ஹிஃப்ளு முடிக்கும் மாணவர்களுக்கும் வெளியூர் ஆலிம்களுக்கும் நாம் செய்யும் மரியாதைச் செலவு, வசதியுள்ள ஜமாஅத்தார் தங்கள் வீட்டுத் திருமணங்களில் வாங்கும் துணி, நாமெல்லாம் பெருநாளுக்கு உடுத்தும் கைலி ஆகியவை அந்த வகை. இவற்றில் விலை கூடுதல் என்ற பேச்சு எழக் கூடாது என்றோம்.

ஜவுளிக்கடைச் சகோதரர்தாம் முதலில் எழுந்தார். தம் குடும்பத்திற்கு அவ்வாண்டுப் பெருநாளுக்குத் தேவையான பதினொரு கைலிகளையும் அந்தப் பெரியவரின் தறியிலேயே எடுப்பதாக அறிவித்து, முன்பணத்தையும் அங்கேயே கொடுத்தார். பெரியவர் பணத்தை எண்ணவில்லை. "பாவு போட்டு முடிக்க இருபது நாள் ஆகும் தம்பி, அவசரப்படுத்தாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

குழுவினர் அதே கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றினர். ஸகாத் நிதியில் வாங்கிய கைலிகளின் செலவும், பொது நன்கொடையில் நம் மஹல்லாத் தறிகளில் வாங்கிய கைலிகளின் செலவும் இவ்வறிக்கையின் வரவு செலவுப் பகுதியில் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன.